35 × 45-க்குத் தோராய விடை 2000-ஆ, 1600-ஆ?

நீங்கள் கேட்டது இது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளிடம் 35 × 45-ன் தோராய விடையைக் கேட்டிருக்கிறார்கள். அவள் 40 × 40 = 1600 என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 40 × 50 = 2000 என்று திருத்தியிருக்கிறார். வீட்டில் பெருக்கிப் பார்த்தால் 1575 வருகிறது. "25 மட்டும் தள்ளியிருக்கும் விடை எப்படித் தப்பாகும், 425 தள்ளியிருக்கும் விடை எப்படிச் சரியாகும்? எண்ணை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது?" என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதிப்படி எது சரி என்பது ஒன்று. நல்ல தோராயம் என்றால் என்ன என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கு எடுத்து வருகிறேன். பாடத்தில் அவசரமாகக் கடந்துபோகும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வியை முடித்துவிடலாம். பள்ளி விதி எல்லோருக்கும் தெரிந்தது: ஒன்றாம் இடத்தில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த பத்துக்கு ஏற்று, 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இறக்கு. கேள்வியில் "இரு எண்களையும் அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்கிப் பெருக்குக" என்று இருந்திருந்தால் 40 × 50 தான் எதிர்பார்த்த விடை. அந்த விதியைப் பிள்ளை கற்றிருக்கிறாளா என்பதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள், ஆசிரியர் அடித்ததில் தப்பில்லை. வெறுமனே "தோராய விடை காண்க" என்று மட்டும் இருந்திருந்தால் 1600-ஐ அடித்திருக்கக் கூடாது, 2000-ஐ விட அது நல்ல விடை. கேள்வியின் வாசகத்தை நீங்கள் முழுதாகத் தரவில்லை, அதனால் அந்த ஆசிரியரைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்வது நியாயமாக இருக்காது.

இப்போது இரண்டாவது கேள்வி. ஏற்றுவது, இறக்குவது என்ற விதி ஒரு எண்ணைத் தனியாகப் பார்க்கும்போது ஒழுங்காக வேலை செய்கிறது. 35-க்குப் பதில் 40 என்றால் 5 தான் வித்தியாசம், 45-க்குப் பதில் 50 என்றாலும் 5 தான். கூட்டல் என்றால் 80-க்குப் பதில் 90 வரும், 10 கூடும், அவ்வளவுதான். பெருக்கலில் அந்த 5 அப்படியே நிற்பதில்லை, எதிரில் இருக்கும் எண்ணால் பெருகிவிடுகிறது. மகளின் கட்டம் போட்ட நோட்டில் இதைக் காட்டலாம். 35 கட்டம் அகலம், 45 கட்டம் நீளம் என்று ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே 1575 கட்டங்கள். அகலத்தை 40 ஆக்கினால் பக்கத்தில் 5 × 45 = 225 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை சேர்கிறது. நீளத்தையும் 50 ஆக்கினால் மேலே 5 × 35 = 175 கட்டங்கள் கொண்ட இன்னொரு பட்டை. மூலையில் 5 × 5 = 25. மூன்றையும் கூட்டினால் 425. ஆசிரியரின் விடை தள்ளிப்போனதற்கு முழுக் கணக்கும் இந்தப் படத்தில் இருக்கிறது. உங்கள் மகள் செய்தது வேறு. அகலத்தை 40 ஆக்கியதில் 225 கட்டம் கூடியது. நீளத்தை 40-க்கு இறக்கியதில் 5 × 40 = 200 கட்டம் போனது. மிச்சம் 25. ஒரு பக்கம் கூட்டியதை இன்னொரு பக்கம் கழித்து ஈடுகட்டிவிட்டாள்.

இதையே பங்காகவும் பார்க்கலாம், எனக்கு இந்தப் பார்வைதான் பிடிக்கும். 35-ல் 5 என்பது ஏழில் ஒரு பங்கு. 45-ல் 5 என்பது ஒன்பதில் ஒரு பங்கு. பெருக்கும்போது இந்தப் பங்குகள் ஏறக்குறைய கூடிக்கொள்கின்றன. ஏழில் ஒன்று என்பது சுமார் 14 சதவீதம், ஒன்பதில் ஒன்று சுமார் 11 சதவீதம். இரண்டையும் ஏற்றினால் 25 சதவீதம், மூலைக் கட்டங்களையும் சேர்த்தால் 27 சதவீதம் கூடிவிடுகிறது. ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் 14-லிருந்து 11 கழிந்து மிகச் சிறிய பிழைதான் மிஞ்சுகிறது. ஆகவே பெருக்கலில் ஒரு எண்ணை எவ்வளவு மாற்றினோம் என்பதை விட, அந்த எண்ணில் எத்தனையில் ஒரு பங்கை மாற்றினோம் என்பதுதான் முக்கியம். 85 × 95-லும் ஒன்றாம் இடம் இரண்டிலும் 5 தான். விதிப்படி 90 × 100 = 9000, உண்மை விடை 8075, பிழை சுமார் 11 சதவீதம். பரவாயில்லை என்று விட்டுவிடலாம். அதே விதியை 15 × 15-க்குப் போடுங்கள்: 20 × 20 = 400. உண்மை விடை 225. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. 14 × 14-க்குப் போட்டால் 10 × 10 = 100, உண்மை விடை 196, பாதிக்குப் பாதி காணாமல் போகிறது. விதி ஒன்றுதான், 14-க்கும் 15-க்கும் இடையே தோராய விடை 100-லிருந்து 400-க்குத் தாவுகிறது. அதனால்தான் 11 முதல் 19 வரையுள்ள எண்களைப் பத்துக்கு முழுதாக்காதே என்று என் வகுப்பில் சொல்வேன். 16-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைக்கு அதற்கான தேவையும் இல்லை.

12 × 88-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பத்துக்கு 2 தள்ளி இருக்கின்றன. விதிப்படி 10 × 90 = 900. உண்மை விடை 1056. நூற்றைம்பதுக்கு மேல் குறைகிறது. ஏன் என்றால் 12-லிருந்து எடுத்த 2, 88-ஆல் பெருகி 176-ஐக் கொண்டுபோய்விட்டது. 88-க்குச் சேர்த்த 2, 10-ஆல் பெருகி 20-ஐ மட்டும் திருப்பித் தந்தது. 12-ஐத் தொடாமல் 12 × 90 = 1080 என்று போட்டால் பிழை 24 தான். அல்லது 12-ஐ 10 ஆக்கியே தீர வேண்டும் என்றால் 88-ஐத் தைரியமாக 100-க்கு ஏற்றுங்கள், 1000 வரும், பிழை 56. 88-க்கு அருகில் இருப்பது 90 தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அருகில் இருப்பது 90 தான். ஆனால் நாம் தேடுவது பெருக்கிய விடைக்கு அருகில் இருப்பதை. சின்ன எண்ணில் கை வைத்தால் விடை அதிகம் ஆடும், பெரிய எண்ணில் கை வைத்தால் கொஞ்சம்தான் ஆடும்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்களையும் ஏற்றினால் தோராய விடை உண்மை விடையை விட அதிகமாகத்தான் இருக்கும். இரண்டையும் இறக்கினால் குறைவாகத்தான் இருக்கும். நாம் பேசுவது சாதாரண எண்ணும் எண்களை என்பதால் இதற்கு விதிவிலக்கு கிடையாது. ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் பிழை பெரும்பாலும் சிறிதாகும், ஆனால் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. 34 × 26-க்கு 30 × 30 = 900, உண்மை விடை 884, இங்கே கூடுகிறது. 38 × 24-க்கு 40 × 20 = 800, உண்மை விடை 912, இங்கே குறைகிறது. அந்த 24-ஐ 20 ஆக்கியதில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, 38-ஐ 40 ஆக்கியதில் கிடைத்ததோ பத்தொன்பதில் ஒரு பங்கு. ஈடுகட்டப் போதவில்லை.

ஒன்றை ஏற்றிய அதே அளவு மற்றதை இறக்கியிருந்தால் மட்டும் உறுதியாகச் சொல்ல ஒரு வழி உண்டு. இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று நெருங்கியிருந்தால் விடை கூடும், விலகியிருந்தால் குறையும். 35-ம் 45-ம் 40, 40 ஆக நெருங்கின, விடை 1575-லிருந்து 1600-க்குக் கூடியது. அதே 35, 45-ஐ 30, 50 என்று விலக்கினால் 1500-க்குக் குறைகிறது. 47 × 63-ஐ 50 × 60 ஆக்கினால் 3000, உண்மை விடை 2961. சுற்றளவு மாறாத செவ்வகங்களில் சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்று பின்னால் ஏழாவது, எட்டாவதில் படிக்கப் போகும் விஷயம்தான் இது, சீக்கிரமே கண்ணில் படுகிறது.

இந்த ஈடுகட்டல் எவ்வளவு வலுவானது என்பதற்கு என்சிஇஆர்டி-யின் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்திலேயே, 2006-ல் வந்ததில், ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அங்கே 63 × 182-க்குத் தோராயம் காண்கிறார்கள். இரண்டையும் நூறுக்கு முழுதாக்கினால் 100 × 200 = 20,000, ரொம்ப அதிகம். இரண்டையும் பத்துக்கு முழுதாக்கினால் 60 × 180 = 10,800, நல்ல தோராயம், ஆனால் சட்டென்று போட முடியாது. 60 × 200 = 12,000 என்றால் சட்டென்றும் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணையும் அதன் மிகப் பெரிய இடத்துக்கு முழுதாக்கு என்ற பொது விதிக்கு வருகிறார்கள். நான் அந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் உண்மை விடையையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 63 × 182 = 11,466. அதாவது 10,800-ல் 666 குறைகிறது, 12,000-ல் 534 தான் கூடுகிறது. கவனமாக முழுதாக்கியதை விட முரட்டுத்தனமாக முழுதாக்கியது அருகில் வந்துவிட்டது. காரணம், 60 × 180-ல் இரண்டு எண்களுமே கீழே இறங்கியிருக்கின்றன, 60 × 200-ல் ஒன்று இறங்கி ஒன்று ஏறியிருக்கிறது. எண்களை நுணுக்கமாக முழுதாக்கினால் விடையும் நுணுக்கமாக வரும் என்ற நம்பிக்கை பெருக்கலில் எப்போதும் பலிப்பதில்லை.

சரி, 5 வந்தால் ஏற்றியே ஆக வேண்டுமா? 35 என்பது 30-க்கும் 40-க்கும் சரியாக நடுவில் இருக்கிறது. அதை ஏற்றுவது ஒரு வழக்கம், அவ்வளவுதான். எண்ணின் இயல்பில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வேறு வழக்கமும் இருக்கிறது. எண்களை எப்படி முழுதாக்குவது என்று சொல்லும் ஐஎஸ் 2 என்ற இந்தியத் தர ஆவணம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சரியாக நடுவில் நிற்கும் எண்ணை, எந்தப் பக்கம் இரட்டைப்படை இலக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கொண்டுபோ என்கிறது அது. கணினிகளிலும் இந்த வழக்கம் பரவலாக இருக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழியில் 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 2 என்றும், 3.5-ஐச் சொன்னால் 4 என்றும் வரும். நடுவில் நிற்பவற்றை எல்லாம் ஒரே பக்கம் தள்ளினால் நிறைய எண்கள் சேரும்போது மொத்தமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை. இந்த வழக்கப்படி 35 என்பது 40 ஆகும், 45-ம் 40 ஆகும். உங்கள் மகள் எழுதிய அதே 40 × 40. ஆனால் இதை வைத்து இரட்டைப்படை வழக்கமே மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 25 × 45-க்கு அதைப் போட்டால் 20 × 40 = 800, உண்மை விடை 1125. பள்ளி விதியோ 30 × 50 = 1500 என்கிறது. இரண்டுமே மோசம். இந்த இடத்தில் 25-ஐத் தொடாமல் விட்டு 25 × 44 = 1100 என்று போடுவதுதான் புத்திசாலித்தனம், நாற்பத்துநாலை நாலாகப் பிரித்தால் பதினொன்று, இரண்டு சைபர் சேர்த்தால் முடிந்தது.

முழுதாக்குவது என்றாலே பத்துக்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நமக்குப் பழக்கமான கால், அரை, முக்கால் எல்லாம் இதற்குப் பத்தை விட நன்றாக உதவும். 74 × 48 வந்தால் 70 × 50 = 3500 என்று போடலாம். அல்லது 74-ஐ முக்கால் நூறு என்று எடுத்துக்கொள்ளலாம். 48-ல் முக்கால் 36, ஆகவே 3600. உண்மை விடை 3552. 24 × 37-க்கு 25 × 36: 36-ல் கால் 9, ஆகவே 900, உண்மை விடை 888. கடைத்தெருவில் வேகமாகக் கணக்குப் பார்ப்பவர்களைக் கவனித்தால் தெரியும், அவர்கள் 5-க்கு மேலா கீழா என்று பார்ப்பதே இல்லை. எந்த எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கணக்கு எளிதாகும் என்று தேடுகிறார்கள், ஒன்றை நகர்த்தியதும் மற்றதை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மை விடைக்கு மிக அருகில் போக வேண்டும் என்றால். எப்போதும் அது தேவையா என்றால் இல்லை. எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு 480 பேர், இலைக்கு 185 ரூபாய் என்று சமையல்காரர் சொல்கிறார். கையில் உள்ள பணம் போதுமா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஏற்றுங்கள்: 500 × 200 = 1,00,000. உண்மைக் கணக்கு 88,800 தான். ஆனால் அது எனக்கு இப்போது முக்கியமில்லை. ஒரு லட்சத்தைத் தாண்டாது என்று பெருக்காமலே உறுதியாகத் தெரிந்துவிட்டது. இங்கே 500 × 180 = 90,000 என்று அருகில் போவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியலாம், ஆனால் அது தாண்டாது என்ற உறுதியைத் தராது. வரவேண்டிய பணம் என்றால் தலைகீழ். 33 பிள்ளைகள் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 180 ரூபாய் தருகிறார்கள், வண்டிக்கு 5,000 வேண்டும். 33-ஐ 30-க்கு இறக்கி 30 × 180 = 5,400. இறக்கியே 5,000-ஐத் தாண்டுகிறது, கவலையில்லை. செலவை ஏற்றிப் பார், வரவை இறக்கிப் பார் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் செய்வது கணக்குப்படியும் சரியானது.

மூன்று எண்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டுக்கு சம்ப் கட்டுகிறீர்கள், உள்ளளவு 8.5 அடி நீளம், 5.5 அடி அகலம், 4.5 அடி ஆழம். பள்ளி விதிப்படி 9 × 6 × 5 = 270 கன அடி. உண்மையில் 210 கன அடி சொச்சம். ஒரு கன அடிக்கு சுமார் 28.3 லிட்டர், ஆகவே சுமார் 7,600 லிட்டர் பிடிக்கும் என்று நினைத்த தொட்டியில் 6,000 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு அளவிலும் அரை அடிதான் கூட்டினோம், மூன்றும் ஒரே பக்கம் போனதால் 28 சதவீதம் ஏறிவிட்டது. 8.5-ஐ 9 ஆக்கி, 5.5-ஐ 5 ஆக்கி, 4.5-ஐ அப்படியே விட்டால் 45 × 4.5, அதாவது 202 சொச்சம். தொட்டி கொள்ளளவுக்கு இது போதும். ஆழம்தான் மூன்றில் சின்ன எண், அதனால் அதைத் தொடவில்லை.

பிள்ளைகளுக்குத் தோராயம் அதிகம் பயன்படுவது விடையைச் சரிபார்ப்பதில். 608 × 49 என்று ஒரு கணக்கு. நடுவில் உள்ள சைபரைக் கவனிக்காமல் 68-ஆகப் பெருக்கி 3332 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். 600 × 50 = 30,000 என்று முன்கூட்டியே ஓரத்தில் எழுதி வைத்திருந்தால் அந்த 3332 கண்ணை உறுத்தும். உண்மை விடை 29,792. ஒன்பதைக் கழித்துச் சரிபார்க்கும் முறை சில வீடுகளில் சொல்லித் தருவார்கள், அதாவது இலக்கங்களைக் கூட்டி ஓரிலக்கமாக்கிப் பார்ப்பது. அது இந்தப் பிழையைப் பிடிக்காது. 608-ன் இலக்கக் கூட்டல் 5, 68-ன் இலக்கக் கூட்டலும் 5, சைபர் போனது அதற்குத் தெரியவே தெரியாது. 29,792-க்கும் 2 வரும், 3332-க்கும் 2 வரும். அந்த முறை பிடிக்கும் சின்னச் சின்ன இலக்கப் பிழைகளைத் தோராயம் பிடிக்காது, தோராயம் பிடிக்கும் சைபர் பிழையை அந்த முறை பிடிக்காது. இரண்டும் இருந்தால் நல்லது. தசமப் புள்ளி உள்ள கணக்குகளில் புள்ளி சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்கவும் தோராயம் நன்றாக உதவும். 4.85 × 19.6-க்கு 5 × 20 = 100, ஆகவே விடை 95.06 தான், 950.6 ஆக இருக்க முடியாது. 1970-களில் கையடக்கக் கால்குலேட்டர்கள் வரும் வரை பொறியாளர்கள் கையில் இருந்த ஸ்லைடு ரூல், அதாவது நகர்த்திப் பெருக்கல் போடும் அளவுகோல், இலக்கங்களை மட்டும்தான் காட்டும், புள்ளியை எங்கே வைப்பது என்பதை இப்படி மனக்கணக்காகத்தான் முடிவு செய்தார்கள்.

தோராயம் உதவாத இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை. 63 தேங்காயை 45 ரூபாய் வீதம் வாங்கி, ஒன்று அழுகிப்போக, மிச்சம் 62-ஐ 48 ரூபாய் வீதம் விற்றால் லாபமா நஷ்டமா? விதிப்படி முழுதாக்கினால் வாங்கியதும் 60 × 50 = 3000, விற்றதும் 60 × 50 = 3000, லாபம் சைபர். உண்மையில் வாங்கியது 2835, விற்றது 2976, லாபம் 141 ரூபாய். கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெருக்கல்களின் வித்தியாசத்தைக் கேட்கும்போது, தோராயத்தில் விட்ட பிழை அந்த வித்தியாசத்தை விடப் பெரிதாகிவிடுகிறது. லாப நஷ்டக் கணக்கை முழுதாக்கிப் போடக் கூடாது, நேராகப் பெருக்கித்தான் ஆக வேண்டும். அதேபோல எத்தனை சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்பதற்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பத்து சதவீதம் பெரிதில்லை, மருந்தின் அளவுக்கு அது ஆபத்து.

இனி உங்கள் மகள். ஆசிரியரைப் பார்க்கப் போவதற்கு முன் அவளிடம் ஏன் 40 × 40 என்று எழுதினாய் என்று கேளுங்கள், கண்டிக்கும் குரலில் வேண்டாம். "ரெண்டையும் ஏத்தினா ரொம்ப ஜாஸ்தியாயிடும்னு ஒண்ணை எறக்கிட்டேன்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அவளுக்கு எண்களின் மேல் நல்ல பிடி இருக்கிறது. அதை ஆசிரியரிடமும் சொல்லலாம், பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படுவார்கள். 45-ஐ ஏற்ற மறந்துவிட்டேன் என்றால் விடை அருகில் வந்தது தற்செயல், விதியை இன்னொரு முறை சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டில் எது என்பது அவள் வாயால் கேட்டால்தான் தெரியும். வீட்டில் பழக்க வேண்டுமானால், பெருக்குவதற்கு முன் "கூடுமா குறையுமா?" என்று மட்டும் கேளுங்கள். 47 × 63-ஐ 50 × 60 ஆக்கினால்? 38 × 24-ஐ 40 × 20 ஆக்கினால்? பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் பெருக்கிப் பார்க்கட்டும். பரீட்சையில் "அருகிலுள்ள பத்துக்கு" என்று கேட்டால் தயங்காமல் 40 × 50 = 2000 என்றே எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே "இரண்டையும் ஏற்றியதால் உண்மை விடை இதைவிடக் குறைவு" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த வரிக்காக மதிப்பெண் குறைத்த ஆசிரியர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.